பிக்கப் வண்டிக்குக் காற்று வடிகட்டி தெரிந்தெடுத்தல்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலூகாக்களில் விளையும் கீரை, காய்கறி, நிலக்கடலை, வைக்கோல் முதலிய சரக்குகள் சென்னைப் பட்டணம் போய்ச் சேர, ஒரு காலத்தில் இரட்டை மாட்டு வண்டியும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் படகுமே துணையாயிருந்தன. இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே செய்கின்றன. 2005-ம் வருஷத்தில் டாடா ஏஸ் வண்டியும், 2011-ம் வருஷத்தில் அசோக் லேலண்டு தோஸ்த் வண்டியும் விற்பனைக்கு வந்த பின்னர், நடுத்தர நிலக்காரர் ஒருவர் தவணைக் கடனில் வண்டி வாங்கி, தம் சரக்கையும் அயலார் சரக்கையும் ஏற்றிச் செல்வது அரிதன்று. அவ்வண்டியின் இஞ்சின், கடன் தீருமுன் தேய்ந்துபோகுமாயின், நிலத்தில் கண்ட லாபம் வண்டியில் கரைந்துவிடும்.

வண்டிக்காரர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. வண்டியோடு வந்த காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் விற்கப்படும் பளபளப்பான குழாயையும், அதன் முனையில் கூம்பு வடிவமான வடிகட்டியையும் மாட்டிக்கொண்டால், வண்டிக்கு இழுவை கூடுமா, டீசல் மிச்சமாகுமா என்பதே அது. சரக்கேற்றும் டீசல் வண்டிக்கு, அதிலும் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வழியாய்ப் போய்வரும் வண்டிக்கு, இம்மாறுதலால் அனுகூலத்தைவிடப் பிரதிகூலமே அதிகம். அதற்குரிய காரணங்களையும், வெளிக்கடையில் வடிகட்டி வாங்கியே தீரவேண்டியவர்கள் எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதையும் விவரமாய் அறிந்துகொள்வது நலம்.

இஞ்சின் உட்கொள்ளும் காற்று

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிவதற்குக் குறைந்தபட்சம் 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் இஞ்சின்கள் எப்போதும் தேவைக்கு மிஞ்சின காற்றோடு ஓடுபவை. ஆதலால் உண்மையில் செல்லுவது இதனினும் அதிகம். ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள இஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று வீதம் ஓடினால், மணிக்கு 90 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள மூன்று அறைகளில் அடங்கும் காற்றுக்கு இது சற்று மேற்பட்டது. டர்போ பொருத்திய வண்டியில் பாரமேற்றும்போது இதனினும் கூடுதலாய்ச் செல்லும். அக்காற்றில் கலந்துள்ள தூசி அனைத்தையும் தடுத்து நிறுத்துவதற்கு, மடித்து வைத்த ஒரு காகிதமே காவல்.

இனி, வடிகட்டி விற்போர் கூறும் கணக்கைக் குடியானவர் கணக்காய்ப் போட்டுப் பார்க்கலாம். வடிகட்டிகளைப் பரிசோதிக்கும் சாலைகளில், ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு கிராம் தூசி என்ற அளவில் கலந்து விடுவது வழக்கம். மண் சாலையில் லாரியின் பின்னால் செல்லும் வண்டி இதற்கு நிகரான புழுதியில் தினம் அரைமணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 300 நாளில் வடிகட்டியின் வாயிலுக்கு வந்து சேரும் தூசி 13 கிலோவுக்கு மேற்படும். நூற்றுக்கு 99.5 பங்கு தடுக்கும் வடிகட்டி அதில் சுமார் 68 கிராமை உள்ளே விடும். நூற்றுக்கு 97 பங்கு தடுக்கும் வடிகட்டி 405 கிராமை விடும். கடையில் கேட்கும்போது இரண்டரைப் பங்கு வித்தியாசம் அற்பமாய்த் தோன்றும். இஞ்சினுக்குள் நுழையும் தூசியோ ஆறு மடங்காகிறது. எவ்வளவு தடுக்கிறது என்று மாத்திரம் கேட்டு, எவ்வளவு விடுகிறது என்று கேளாதவர்கள் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

இவ்வாறு நுழைந்த தூசி எங்கே போகின்றது? பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. சில மைக்ரான் கனமே உள்ளது. மனிதர் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் கனமுடையது என்பதைக்கொண்டு இதன் நொய்மையை ஊகித்துக்கொள்ளலாம். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள பொடி அப்படலத்தைத் தாண்டி இரு பக்கத்தையும் அரம்போல் தேய்க்கும். கண்ணுக்குத் தெரியும் மணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடியே இவ்விதத்தில் கொடியது. தேய்மானம் முற்றின இஞ்சினை அறிவது எளிது. இஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், குபுகுபுவென்று புகை மேலெழும். எண்ணெய் குறையும். காலையில் கிளப்புவதற்கு நெடுநேரமாகும். அதன்பிறகு ரீபோர் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வழித்தடத்தின் தன்மை

மீஞ்சூர், வல்லூர், மணலி புதுநகர் வழியாய்த் திருவொற்றியூர் சென்று, அங்கிருந்து கடலோரமாய்க் காசிமேடு, ராயபுரம் போகும் சாலையில் ஓடும் வண்டி, பொள்ளாச்சியிலோ தேனியிலோ ஓடும் வண்டியைப்போல் ஒரேவிதத் தூசியைச் சுவாசிப்பதில்லை. இங்கே நான்கு வகை தூசி கலந்திருக்கின்றது.

முதலாவது சாலைப் புழுதி. துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாய் நிற்கும் இடங்களில் சாலையோர மண் ஓயாமல் அரைபட்டு எழுகிறது. இரண்டாவது நிலக்கரித் தூள். சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத் தாதும் இறக்கியதால் ராயபுரம் வாசிகள் நெடுங்காலம் பட்ட அவதி, 2011-ல் உயர் நீதிமன்றம் அச்சரக்குகளை அங்கே கையாளலாகாதென்று உத்தரவிட்ட பின்னர் குறைந்தது. ஆனால் 2001-ல் கரிக்கென்றே திறக்கப்பட்டு, பின்னர் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பெற்ற எண்ணூர்த் துறைமுகத்தைச் சுற்றி அத்தூசி இன்றும் உண்டு. மூன்றாவது அனல் மின் நிலையங்களின் சாம்பல். எண்ணூரில் 1970-ல் தொடங்கிய பழைய நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. எனினும் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் நடைபெறுகின்றன. செப்பாக்கத்துச் சாம்பற்குளம் உலர்ந்து காற்றடிக்கும் காலங்களில் எழும் பொடியையும், சாம்பல் லாரிகள் சிந்திச் செல்லும் பொடியையும் அப்பக்கத்துக் கிராமத்தார் நன்கறிவர். நான்காவது கடற்காற்றில் வரும் உப்பு ஈரம்.

இவற்றுள் கரித்தூள் மிருதுவானது. அது இஞ்சினைத் தேய்ப்பதைக் காட்டிலும் வடிகட்டியை அடைப்பதே அதிகம். லாரிப் புகையின் கரி எண்ணெய்ப் பசையுள்ளதாகையால், காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் உதிராது. சாம்பலோ வேறு. அது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் உருகிக் கண்ணாடியாய் இறுகின நுண்ணிய உருண்டைகளால் ஆனது. இஞ்சின் இரும்பைக் கீறத்தக்க கடினமும், துளைகளினூடே நழுவத்தக்க நுண்மையும் ஒருங்கே உடையது. வெளித்தோற்றத்தில் திருநீறு போலிருப்பதை நம்பி அலட்சியம் செய்யலாகாது. உப்பு ஈரத்தால் வடிகட்டியின் இரும்பு வலை துருப்பிடித்து, துருவும் ஒரு தூசியாகின்றது.

இவ்வட்டாரத்துக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்கு எண்ணூரிலேயே தொழிற்சாலை அமைத்தது. 1955-ல் அதுவே அசோக் லேலண்டு ஆயிற்று. அதே வருஷத்தில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிலும் தொடங்கியது. ஆகவே இப்பக்கத்தில் நல்ல மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. கடைக்காரர் சொல்வதைக் கேட்குமுன் அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவரைக் கலந்துகொள்வது சிலாக்கியம்.

கூம்பு வடிகட்டியால் இழுவை கூடுமா?

எண்ணெய் தடவின பருத்தித் துணியைக் கம்பி வலைகளுக்கு நடுவே வைத்து மடித்த வடிகட்டியைப் பிரபலமாக்கியது, 1969-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் தோன்றிய கே அண்டு என் என்ற கம்பெனி. அதைத் தொடங்கியவர்கள் மோட்டார் சைக்கிள் வியாபாரிகள். பந்தய ஓட்டத்துக்கு அது ஏற்றது. காற்று தடையின்றிச் செல்லும். கழுவி மறுபடியும் உபயோகிக்கலாம். பந்தய வண்டியின் இஞ்சினை அடிக்கடி பிரித்துக் கட்டுவார்களாதலால் தேய்மானம் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடவேண்டிய சரக்கு வண்டிக்கு அந்நியாயம் பொருந்துமா?

டீசல் இஞ்சினின் சக்தியை நிர்ணயிப்பது உள்ளே பீய்ச்சப்படும் டீசலின் அளவு. காற்று முன்னமே தேவைக்கு மிஞ்சி இருக்கையில், மேலும் கொஞ்சம் காற்றைச் சேர்ப்பதால் சக்தி பெருகிவிடாது. பழைய வடிகட்டி அடைபட்டுக் கிடந்து, புதியது மாட்டியவுடன் வண்டி சுறுசுறுப்பாய் ஓடினால், அது கூம்பின் மகிமையன்று. புதிதாய் மாட்டும் எந்த வடிகட்டியும் அதே பலனைக் கொடுக்கும். பெட்டியில்லாத கூம்பு உறிஞ்சும் சப்தம் காதில் உரக்க விழுவதால், ஓட்டுகிறவர் அதையே வேகமென்று எண்ணிவிடுவதுமுண்டு.

அன்றியும், மூடியில்லாத கூம்பை இஞ்சின் பக்கத்திலேயே பொருத்துவதால், அது வெந்த காற்றையே இழுக்கும். 30 டிகிரி காற்றைவிட 60 டிகிரி காற்று நூற்றுக்கு 9 பங்கு இலேசானது. எந்தக் காற்றை அதிகப்படுத்தவேண்டிப் பணம் செலவிடப்பட்டதோ, அது இவ்விதம் குறைந்தே போகின்றது. வண்டியோடு வந்த பெட்டியின் மூக்கு வெளிக்காற்றை நோக்கி வைக்கப்பட்டிருப்பது காரணமில்லாமலன்று.

துணி வடிகட்டியின் எண்ணெயில் வேறொரு சங்கடமும் உண்டு. அளவுக்கு மிஞ்சித் தடவினால், எண்ணெய்த் திவலைகள் காற்றோடு சென்று, காற்றின் அளவைக் கண்டறியும் மெல்லிய கம்பியுள்ள கருவியின்மேல் படியும். 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் பலவும் இத்தகைய கருவிகளை நம்பியே நடப்பவை. கருவி தவறாய்ச் சொன்னால் டீசலும் வீண், சர்வீஸ் செலவும் வரும். எண்ணெயைக் குறைவாய்த் தடவினாலோ தூசி தாராளமாய் நுழையும். கழுவுவதும் உலர்த்துவதும் எண்ணெய் தடவுவதும் ஒவ்வொரு முறையும் ஒரே சீராய் நடக்குமென்று, அறுவடைக் காலத்தில் இரவு பகலாய் ஓடும் வண்டியில் எதிர்பார்ப்பதற்கில்லை.

டிராக்டர்களில் காணும் எண்ணெய்க் கிண்ண வடிகட்டியை வாங்கிப் பிக்கப்பில் மாட்டலாமே என்று சில மிராசுதார்கள் யோசிப்பதுண்டு. அது நல்ல சாதனமே. ஆனால் காற்று வேகமாய்ச் செல்லும்போதுதான் அது நன்றாய் வேலை செய்யும். நெரிசலில் மெதுவாய் ஊரும் வண்டியில் நுண்ணிய தூசியை அது நன்கு பிடிப்பதில்லை. அதைவிட, வடிகட்டிக்கு முன்னால் தூசியைச் சுழற்றித் தள்ளும் கிண்ணத்தை வைத்துக்கொள்வது மேல். கனத்த மண் தூசியை அது முன்கூட்டியே பிரித்துவிடுவதால், காகிதம் நெடுநாள் உழைக்கும். செங்கற் சூளைக்கும் களத்துமேட்டுக்கும் போய்வரும் வண்டிக்கு இது உசிதம். சாம்பலும் புகைக்கரியும் இலேசானவையாதலால் இதற்கு அகப்படமாட்டா. அவற்றுக்குக் காகிதமே கதி.

வெள்ளமும் காற்றுக் குழாயும்

தூசி இஞ்சினைப் பல வருஷத்தில் கெடுக்கும். தண்ணீரோ ஒரு நொடியில் முடித்துவிடும். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் பெய்த பெருமழையில் எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பக்கங்களில் வெள்ளம் புகுந்ததும், அவ்வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்று முகத்திலும் பரவியதும் யாவரும் அறிந்தவை. காற்றுக் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது அத்தகைய காலத்தில்தான் தெரியவரும்.

குளிர்ந்த காற்று கிடைக்குமென்று சொல்லி விற்கப்படும் நீண்ட குழாய்களில் சிலவற்றின் முனையை பம்பருக்கும் சக்கரத்துக்கும் அருகே தாழ்வாய் இறக்கி வைப்பார்கள். முழங்காலளவு தண்ணீரில் வண்டி இறங்கினால், முன்னே எழும் அலை அதன் வாயை எட்டிவிடும். தண்ணீர் காற்றைப்போல் அமுங்குவதன்று. மூன்று சிலிண்டர் கொண்ட ஒன்றரை லிட்டர் டீசல் இஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சும் இடம் சுமார் 30 கன சென்டிமீட்டர்தான், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீர் ஒரு சிலிண்டரில் சேர்ந்தால், பிஸ்டன் போக வழியின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இச்சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியே பிரிமியம் கட்டியிருக்கிறதா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தண்ணீரில் வண்டி தானாய் நின்றுவிட்டால், சாவியைத் திருப்பி மறுபடியும் கிளப்பிப் பார்ப்பதைப்போன்ற கேடு வேறில்லை. வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, காற்றுப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். காகிதம் நனைந்திருந்தால் மெக்கானிக்கு வரும்வரை இஞ்சினைத் தொடலாகாது. நனைந்த காகிதத்தை வெயிலில் உலர்த்தி மீண்டும் மாட்டுவதும் தவறு. கூரை உயரத்துக்குக் குழாயை எழுப்பும் ஸ்நார்க்கல், இணைப்புகள் யாவும் காற்றுப் புகாமல் இறுகியிருந்தால், புழுதிக்கும் வெள்ளத்துக்கும் உதவும். ஒரே ஓர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் அதனால் பயனில்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

இவற்றையெல்லாம் யோசித்தால், வண்டியோடு வந்த பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் காகிதத்தை மாத்திரம் காலத்தில் மாற்றுவதே இவ்வழித்தடத்துக்கு உத்தமம் என்பது விளங்கும். கம்பெனிச் சரக்குக்கு ஈடான வெளிச்சரக்குகள் உண்டு. கம்பெனியின் பெயரைத் திருடி ஒட்டிய போலிகளும் உண்டு. விலையை மாத்திரம் பார்த்து வாங்குகிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் பின்னதே. மடிப்புகள் ஒரே இடைவெளியில் நேராய் நிற்கவேண்டும். விரலால் ஒதுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிச் சாய்வது மட்டமான காகிதம். ஓரத்து ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்பவேண்டும். இறுகின ரப்பர் பெட்டியோடு பொருந்தாது, அதன் விளிம்பு வழியே தூசி சுகமாய் உள்ளே போகும். இருட்டறையில் உட்புறம் டார்ச் விளக்கை ஏற்றிச் சுற்றிப் பார்த்தால், ஊசித்துளை இருந்தாலும் ஒளிப்புள்ளியாய்த் தெரிந்துவிடும். பழைய வடிகட்டியைக் கையோடு கொண்டுபோய், உயரம், அகலம், விளிம்பு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது.

புது வடிகட்டியை மாட்டுமுன், பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது அவசியம். துணியில் மண் ஒட்டினால், குற்றம் வடிகட்டியிலாவது அதற்கப்பாலுள்ள ரப்பர்க் குழாயின் வெடிப்பிலாவது தளர்ந்த கிளிப்பிலாவது இருக்கின்றது. எத்தனை விலையுயர்ந்த வடிகட்டி மாட்டினாலும் அது தீராது.

சுத்தம் செய்யும் முறையில் நடக்கும் பிழைகள் அநேகம். பஞ்சர் கடையில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் காற்றை வெளிப்புறத்திலிருந்து அடிப்பது சாதாரண வழக்கம். அதனால் தூசி மேலும் உள்ளே ஏறுவதோடு, காகிதமும் கிழியும். 30 பவுண்டுக்கு மேற்படாத காற்றை, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாய், சற்றுத் தூரத்தில் பிடித்து விடவேண்டும். டயரில் மோதித் தட்டுவதும் கூடாது. இரட்டை வடிகட்டியுள்ள வண்டிகளில் உள் வடிகட்டியைச் சுத்தம் செய்யவே கூடாது. உரிய காலத்தில் மாற்ற மட்டுமே வேண்டும். எண்ணெய்க்கரி ஏறிக் கறுத்த வடிகட்டி ஊதினாலும் தெளியாது. அதை மாற்றிவிடுவதே சரி. ஆயினும் தினந்தோறும் திறந்து திறந்து மூடுவதும் தப்பு. காகிதத்தின்மேல் படியும் முதற் படலமே பின்னால் வரும் நுண்பொடியைத் தடுக்க உதவுவதால், சற்று ஓடின வடிகட்டி புதியதைவிட நன்றாய்த் தடுக்கும். கைப்புத்தகத்தில் கண்ட கிலோமீட்டர் கணக்கு நல்ல சாலைக்கு ஏற்பட்டது. இத்தடத்தில் ஓடும் வண்டிக்கு அதைக் குறைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதுமானது. சொர்ணவாரி அறுவடையில் வைக்கோல் ஏற்றும் நாட்களில் பெட்டியின் மூக்கில் சொத்தையும் தூசும் அடைவதை மட்டும் அன்றாடம் பார்க்கவேண்டும். வேலையின்றி ஒரு மாதம் கொட்டகையில் நின்ற வண்டியில், எலி காகிதத்தைக் கடித்து அப்பெட்டிக்குள்ளேயே கூடு கட்டியிருப்பது நெல் விளையும் ஊர்களில் புதிதன்று.

சட்டத்தின் நிலை

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது. 2019-ல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாறுதல் செய்யும் வண்டிச் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம். அதே அளவுள்ள வடிகட்டியை வாங்கிப் பழைய பெட்டியில் வைப்பதைப்பற்றி எவரும் ஆட்சேபிக்கமாட்டார். குழாயமைப்பையே மாற்றி, அதனால் புகையோ சப்தமோ கூடினால், தகுதிச் சான்றிதழுக்குப் போகும்போது சங்கடம் எழக்கூடும். சரக்கு வண்டிகள் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் அச்சான்றிதழ் பெறவேண்டியவை. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் இம்மாறுதலைச் செய்தால், இஞ்சின் கோளாறுக்கு விற்றவர் பொறுப்பேற்க மறுப்பதற்கும் இடமுண்டாகும்.

ஊராட்சி வண்டிகளையும் கூட்டுறவுச் சங்க வண்டிகளையும் மேற்பார்க்கும் அதிகாரிகள், பில் தொகையைப் பார்ப்பதோடு நில்லாமல், கழற்றின பழைய வடிகட்டியைக் கண்ணால் பார்த்த பின்னரே புதியதற்குக் கையெழுத்திடுவது நல்லது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் லாக் புத்தகத்திலும், பெட்டியின் மூடிமேல் பெயிண்டாலும் எழுதி வைக்கச் செய்தால், டிரைவர் மாறினாலும் கணக்கு மாறாது.